டம்ளர் தண்ணீரில் மிதந்த ஆயில்

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. என் மகளுக்கு ராயபுரம் மாதா கோயிலில் திங்கட்கிழமை காலை கல்யாணம். "வாடகைக் காரெல்லாம் வாணாம் நைனா. நம்ம வண்டியிலதான் போவேன், நீதான் ஓட்டணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நம்ம வண்டி என்றால் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற அம்பாசிடர். என்னைவிட வயதில் மூத்தது.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி ஏன் இப்படிப் பறக்கிறாய் என்று என் மனைவி தினம் கேட்பாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பிரேக்கை மிதித்தால் பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்க ஆரம்பித்தது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. நாம் மிதிக்கிற மிதியை ஆயில் வழியாக நாலு சக்கரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்றாள் மனைவி. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கன்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் நான். டன் கணக்கில் தூக்குகிற சிலிண்டரையே பிரித்து மாட்டுகிற எனக்கு இந்தக் கையகலச் சாமான் ஒரு விஷயமா?

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடையைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். புது சிலிண்டரோடு ஒரு பாட்டிலையும் எடுத்து வைத்தாள்.

"பிரேக் ஆயிலும் எட்துக்கோண்ணே. உள்ள கீற ரப்பர கழுவறதா இருந்தாலும் இத்துலயே கழுவு. வேற எதுலயும் போடாத."

"ஆயில் எங்கிட்ட டின் டின்னா கீதும்மா" என்று பாட்டிலைத் திருப்பித் தள்ளிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் கடைப்படி இறங்கிவிட்டேன்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் வந்த புதுச் சாமானாகவே இருந்தாலும் பிரித்து, டீசலில் கழுவி, ஹைட்ராலிக் ஆயிலில் முக்கித்தான் பூட்டுவோம். கை அப்படிப் பழகிவிட்டது. இங்கேயும் அதையே செய்தேன். பழைய அம்பாசிடரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, ஒருவழியாகப் புதுசை மாட்டினேன். யார்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஹைட்ராலிக் ஆயிலையே ஊற்றினேன். பிறகு பைப்பில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். மகள் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் கீழே சக்கரம் சக்கரமாகப் படுத்துக்கொண்டு "மிதி, புடி, வுடு" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"நைனா, அந்தக்கா வேற ஆயில் சொன்னாங்களே" என்றாள் நடுவில்.

"நீ மிதிக்கிற வேலைய பாரு" என்றேன்.

வேலை முடிந்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் வண்டியைத் தள்ளி நிறுத்தப் பார்த்தேன், நகர மறுத்தது. பிரேக் நல்ல டைட்டாகப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புத்தி எங்கே போயிருந்ததோ! வியாழக்கிழமை, கோயிலுக்குப் போகுமுன் ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம் என்று மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணூர் பக்கம் கிளம்பினேன். வண்டி என்னவோ இழுத்துப் பிடித்தபடியே ஓடியது.

"நைனா, இன்னாவோ கருவுது."

"இந்த ரோட்ல எப்போ கருவாம இருந்துகீது?"

எங்கள் பக்கத்தில் கருகல் வாசனை வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். இன்றைக்கு எந்தக் கம்பெனிப் புகை என்றுதான் கேட்போம். அது என் சக்கரத்திலிருந்து வருகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

எர்ணாவூர் பாலத்தில் இறங்கும்போது கீழே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பது தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை. கியரை அடித்துக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். வேகம் குறைந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. வலப்பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, இடப்பக்கம் பாலத்துச் சுவர், ஒடிக்க வழியில்லை. மகள் தலையை வெளியே நீட்டி "பிரேக் இல்ல, பிரேக் இல்ல" என்று அலறினாள்.

வரிசையின் கடைசி டிரெய்லருக்குப் பக்கத்தில், ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார் அதன் டிரைவர். எங்களைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் பானை உருண்டது. டயருக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டிருந்த எங்கள் முன்சக்கரத்துக்கு அடியில் வீசிவிட்டு ஒதுங்கினார். வண்டி கட்டையில் ஏறி, குலுங்கி, நின்றது. டிரெய்லரின் பின்பக்க இரும்புக்கும் எங்களுக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

"இன்னா தலைவா, பிரேக் இல்லாத வண்டில பொண்ண ஒக்கார வெச்சினு ஊர்கோலமா?"

அப்போதும் என் வாய் மட்டும் அடங்கவில்லை. "புது சிலிண்டர்ங்க. கடையில டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டாங்க" என்றேன்.

"கட்டல" என்றாள் மகள், மெதுவாக. "ஆயில் நைனா ஊத்தினது."

அவர் என் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கி, கீழே இருந்த சிலிண்டரின் மூடியைத் திறந்து, விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அதில் இரண்டு சொட்டு விட்டார். வட்டம் வட்டமாக மிதந்தது.

"பிரேக் ஆயிலா இருந்தா தண்ணில கலந்துடும். இது கலக்கல பாரு. இத்த ஊத்துனா ரப்பர் உப்பிக்கும். பிரேக் மொதல்ல புட்சினே கெடக்கும், அப்பால வுட்டுடும். நீ இன்னா வேல பாக்கற?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவருடைய சோறு தார் ரோட்டில் ஆவி பறக்கக் கொட்டிக் கிடந்தது. சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. காலிப் பானையை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அந்த மனுஷன் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

மறுநாள் காலை கடை திறக்குமுன் தண்டையார்பேட்டையில் நின்றேன். தோஸ்த் ஒருத்தன் வண்டிக்கு வேண்டும் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். "ரப்பர் உப்பிடுச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பொய்யை விட்டுவிட்டுத் தலையாட்டினேன். மறுபடி ஒரு சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் ரப்பர், எல்லா ரப்பர் ஹோஸும் புதுசு, பைப்பை ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, நான் சின்னப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டேன். பாட்டிலை நானே கேட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை வெள்ளை கவுனில் மகள் பின்சீட்டில் ஏறினாள். பாலத்தில் நடந்ததை அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. நான் கிளம்புமுன் பெடலை மிதித்தேன், தெருமுனையில் மிதித்தேன், காலடிப்பேட்டை வருவதற்குள் எத்தனை முறை மிதித்தேனோ. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். "வேற யாரையாவது ஓட்டச் சொல்லியிருக்கலாம்மா" என்றேன், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"வாணாம். நீ இப்டியே பயந்துகினே ஓட்டு நைனா. எனுக்கு பயமே இல்ல" என்றாள்.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் பெடலிலிருந்து காலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்றும் யார்டில், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை என்று ஒன்று வந்தால், ரோட்டில் கொட்டிக் கிடந்த அந்தச் சோறு நினைவுக்கு வருகிறது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.