தலைவர் மட்டும் உடன்படவில்லை

சென்ற புதன்கிழமை காலை இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. திரையில் 'பச்சையம்மாள், தலைவர்' என்று வந்தது. அவர் எங்கள் பழைய பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. என் கைப்பேசியில் மட்டும் அவர் இன்னும் தலைவராக இருந்தார். மகிழ்ச்சியோடுதான் எடுத்தேன்.

"டீச்சர், நான் கவிதா பேசறேன். அம்மா விடியக்காலையில தவறிட்டாங்க. அம்மா போன்ல உங்க நம்பர் இருந்திச்சு. சொல்லணும்னு தோணிச்சு."

அவருடைய மகள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். கர்ப்பப்பையில் கட்டி என்றாள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து, இனி முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

நான் இப்போது வேலை பார்ப்பது விழுப்புரத்தில். அந்த ஆஸ்பத்திரி வாசலைக் கடந்துதான் தினமும் என் பேருந்து போகிறது. அந்த இருபது நாளும் போயிருக்கிறது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய பாடக்குறிப்பை எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

பச்சையம்மாள் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டு தாண்டி, சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது அவர் ஊர். அங்கே இரண்டு ஆசிரியர்களைக் கொண்ட ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியர் ஒருவர், உதவி ஆசிரியையாக நான். பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. படிக்கும் பிள்ளையின் தாய் ஒருவர்தான் தலைவர். ஆசிரியர் பிரதிநிதியாக நானும் அதில் உறுப்பினர்.

பச்சையம்மாள் தலைவரான கதை வேடிக்கையானது. தேர்வு நடந்த நாளில் வந்திருந்த தாய்மார்கள் அனைவரும் "எனக்கு வேணாம், அவங்கள போடுங்க" என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று வராதவர் பச்சையம்மாள். வராதவர் பெயரை எழுதிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை என்று முடிவாயிற்று. அவர் அப்போது வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் குழுக் கூட்டம் என்று ஒன்று நடந்ததே இல்லை. மாதம் ஒருமுறை தீர்மான நோட்டில் நானே எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வந்துவிடுவேன். அந்த மாதமும் அப்படித்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தொட்டியில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். விரலை வைத்து வரி வரியாக, ஒரு பக்கத்தைக் கால் மணி நேரம் வாசித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"கூட்டம் நடந்திச்சுன்னு எழுதிகீது. நடக்கலியே டீச்சர்?"

"வழக்கமா இப்படித்தாங்க. ஒரு கையெழுத்துதான்."

"நடந்தப்புறம் எடுத்துக்கினு வாங்க. போடறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தலைமையாசிரியர் கேட்டுச் சிரித்தார். "புதுசு இல்ல? ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்றார்.

சரியாகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு யாரும் வரவில்லை. நான்கு மணிக்கு எழுந்து, "வர்ற மாசமும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தார். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டுவிட்டு வருவார். சில மாதம் ஆறு பேர் வருவார்கள், சில மாதம் இரண்டு பேர்.

அவர் பள்ளியைப் பார்த்த விதம் வேறு. ஒருநாள் என்னிடம், "பொட்டப் புள்ளைங்க தண்ணி பாட்டில ரொப்பினபடியே வூட்டுக்கு எடுத்துக்கினு வர்துங்களே, ஏன் டீச்சர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே நான்காம் வகுப்புச் சிறுமிகளைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து போயிருந்தது. அங்கே போக வெட்கப்பட்டு, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே அந்தப் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் ஐந்து வருடமாக இருந்தவள் நான். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. மறுநாள் தன் வீட்டிலிருந்து திருப்புளி எடுத்து வந்து புதுத் தாழ்ப்பாளை அவரே பொருத்தினார்.

ஒரு மாதம் தலைமையாசிரியரும் இல்லை. கூட்டத்துக்குப் பச்சையம்மாளும் நானும் மட்டும்.

"உங்களுக்கு பேஜாரா கீதுங்களா டீச்சர், நான் இப்டி வந்து ஒக்காந்துக்கினு கீறது?"

இல்லை என்றேன். அவர் கணவர் லாரி ஓட்டுநர். வடக்கே போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும்.

"வூட்ல பேசறதுக்கு ஆளு இல்ல. இங்க வந்தா நான் சொல்றத நோட்டுலயாவது எழுதிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டிய பேச்சல்ல அது என்று இப்போது தெரிகிறது.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் இரண்டாவது வகுப்பறையின் கூரையிலிருந்து ஒரு பெரிய காரைத் துண்டு விழுந்தது. பிள்ளைகள் வெளியே மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்த நேரம். யாருக்கும் அடி இல்லை. கூரையில் துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. செய்தி கேட்டு பச்சையம்மாள் வயலிலிருந்து நேரே ஓடிவந்தார். நீண்ட நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கூட்டம் போடச் சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்கு ஊரே வந்தது. இன்ஜினியரை வரவழைத்துக் கட்டடத்தைக் காட்ட வேண்டும், அதுவரை அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது என்றார் பச்சையம்மாள். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு வேறு பயம் இருந்தது. பிள்ளைகள் மொத்தமே இருபத்தேழு பேர். கட்டடம் ஆபத்து என்று எழுதிவிட்டால் பள்ளியையே மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பூசிவிட்டால் போதும் என்றார். பெற்றோருக்கும் அந்தப் பயம் பற்றிக்கொண்டது.

வசந்தா என்றொரு தாய், அவர் மகன் இரண்டாம் வகுப்பு, எழுந்து நின்று சத்தம் போட்டார். "ஸ்கூல மூடிட்டா புள்ளைங்க பைபாஸத் தாண்டிப் போவணும். லாரி பஸ்ஸு எப்டிப் போவுதுன்னு தெரியுமில்ல? நீ வந்து தாண்டி உடுவியா?"

"உடறேன்" என்றார் பச்சையம்மாள். "ஆனா அந்த ரூமுக்குள்ள ஒக்கார உடமாட்டேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சொன்னதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைமையாசிரியர். யாரும் தூக்கவில்லை. பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். கூரைத் துண்டு விழுந்த அறை என் வகுப்பறை. நான் குழுவின் உறுப்பினர், எனக்கும் ஒரு கை உண்டு. தலைமையாசிரியர் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து, ஏற்கெனவே எழுதிய வரியின் மேலேயே மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தேன். என் பணிக்காலத்தில் நான் செய்த தவறுகளில் இது ஒன்றைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

"சரி. யாரும் ஒத்துக்கலேன்னு எழுதுங்க டீச்சர்" என்றார் அவர். "நான் ஒருத்தி ஒத்துக்கலேன்னும் எழுதுங்க."

அதையாவது செய்தேன். 'கட்டடத்தைப் பூசிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்துக்குத் தலைவர் மட்டும் உடன்படவில்லை. அறையில் பிள்ளைகளை அமர்த்தக் கூடாது என்கிறார்' என்று எழுதினேன். அவர் விரல் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து தன் மகளை மட்டும் அந்த அறைக்குள் அனுப்பவில்லை. கவிதா வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து படித்தாள்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கு வந்த அதிகாரி நோட்டைப் புரட்டும்போது அந்த வரியில் நின்றார். எழுந்து போய் அறையைப் பார்த்தார். அந்த வாரமே இன்ஜினியர் வந்தார். ஒரு அறை மட்டுமல்ல, மொத்தக் கட்டடமும் நிற்கத் தகுதியற்றது என்று எழுதிக் கொடுத்தார். பொங்கலுக்கு முன்பு இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடம் வரும்வரை பிள்ளைகள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஊர் பச்சையம்மாளைக் குற்றம் சொன்னது. பள்ளியை இடிக்கவைத்தவள் என்ற பெயர் வந்தது. குழாயடியில் அவரோடு யாரும் பேசவில்லை. சிலர் தனியார் பள்ளி வேனில் பிள்ளைகளைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். மீதிப் பத்தொன்பது பேரின் பெற்றோர் முதல் நாள் காலை சாலையோரம் கலங்கி நின்றார்கள். அங்கே பச்சையம்மாள் முன்னமே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் கணவரின் சிவப்புத் துண்டு.

நான் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பிள்ளைகளை இரண்டிரண்டாகக் கைகோக்க வைத்தார். துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு முதலில் தான் இறங்கினார். ஒரு பால் வண்டி நின்றது. பின்னால் ஒரு பேருந்து நின்றது. "ஜல்தியா வாங்க, ஓடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே நடுத்திட்டு வரை கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே நிறுத்தி, அடுத்த பாதிச் சாலையையும் அதே போலக் கடக்கவைத்தார்.

மறுநாளும் நின்றார். தினமும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. அவரோடு பேசாத தாய்மார்கள் பிள்ளையின் கையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிப் போவார்கள். அவரும் எதுவும் சொல்ல மாட்டார். சித்திரையில் கவிதா ஐந்தாம் வகுப்பை முடித்தாள். மகள் பள்ளியை விட்டதும் தாயின் தலைவர் பதவியும் முடிந்தது. ஜூன் மாதம் இனி அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். பள்ளி திறந்த நாளில் அதே இடத்தில் நின்றார். ஒரு வருடத்துக்கும் மேலாக, தனக்குச் சொந்தமில்லாத பிள்ளைகளை, தன்னோடு பேசாதவர்களின் பிள்ளைகளை, ஒரு கீறல் படாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்தார். என் வகுப்புப் பிள்ளைகள் அவரைத் 'தலைவர் அத்தை' என்றே கூப்பிட்டார்கள்.

புதுக் கட்டடத் திறப்பு விழாவில் மேடை இருந்தது, மைக் இருந்தது. அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கு மைக் தரப்படவில்லை என்பதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன். விழா முடிந்து அவர் வயலுக்குப் போனேன். வரப்பில் நின்றபடி கேட்டார்:

"நல்லா கட்டிகிறாங்களா டீச்சர்? ஜன்னலு பெருசா வச்சிகிறாங்களா?"

"வந்து பாருங்க."

"பாக்கறேன்" என்றார். பார்த்தாரா என்று தெரியாது. அந்த ஆண்டே எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில். நான் பேருந்துக்குள், அவர் கீழே. மெலிந்திருந்தார். ஜன்னலருகே ஓடிவந்து, "இப்ப நீங்க ஹெச்செம்மாமே! உங்க ஸ்கூல்ல மீட்டிங் நடக்குதா? ஆளுங்க வர்றாங்களா?" என்று கேட்டார்.

"நிறையப் பேர் வர்றாங்க" என்றேன். பொய். நாலு பேர் வந்தால் அதிகம். அவர் முகம் அப்படி மலர்ந்தது. பேருந்து கிளம்பிவிட்டது.

புதன்கிழமை மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அதிகம் பேர் இல்லை. மாலையை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். யாரோ என் பக்கத்தில் வந்து நின்றார். வசந்தா. தலை நரைத்திருந்தது.

"என் புள்ள இப்ப பத்தாவது டீச்சர்" என்றார். "தெனம் இட்டுக்கினு போய் இட்டுக்கினு வந்தாங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னு நான் கூப்புடல." என்னால் அவருக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை. இருவரும் ஒரே வரிசையில் இருந்தவர்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருக்கோடிவரை போய் நின்றோம். பறைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். வசந்தாவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது வீட்டின் பின்னால் கவிதா தனியாகக் குந்தியிருந்தாள். களத்தில் நிலக்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, காய்ந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் நடந்து நடந்து அது நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது.

"மழ வர்ற மாதிரி கீது டீச்சர்" என்றாள்.

நானும் குனிந்தேன். அவள் கோணியைப் பிரித்துப் பிடித்தாள், நான் இரு கையாலும் வாரி வாரிப் போட்டேன். கடைசிக் காய்வரை பொறுக்கி முடித்தபோது முதல் தூறல் விழுந்தது. கோணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இழுத்து வைத்தோம்.

அமைதியாக உறங்குங்கள், பச்சையம்மா. உங்கள் களத்தில் ஒன்றும் நனையவில்லை.