பசையின் நெடி

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த மழைக்காலத்தில், அந்தச் சிறுமி பள்ளிக்கூட நர்ஸின் அறைக்கு முதன்முதலாக வந்தாள். வயது பன்னிரண்டு. முழங்காலில் சிராய்ப்பு.

"யாரு தள்ளிவிட்டது?"

"யாரும் தள்ளல நர்ஸம்மா. 'பசை வருது, ஒட்டிக்கும், தள்ளி நில்லுங்க'ன்னாங்க. ஓடினேன், விழுந்துட்டேன்."

எல்லை தாண்டி வந்து அந்த ஊரில் குடியேறிய அவளுடைய மக்கள், வீட்டிலேயே செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டிப் பிழைத்தார்கள். அடுப்புக்குப் பக்கத்திலேயே பசை டப்பா திறந்திருக்கும். போர்வையிலும் பாடப் புத்தகத்திலும் அந்த நெடி ஏறியிருக்கும். ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்வதைக் கண்டு நொந்த நர்ஸ், அதைப் பற்றி ஒரு சொல்லும் தன் வாயிலிருந்து வரக்கூடாதென்று அன்றே முடிவுசெய்துகொண்டார். அதுதான் நாகரிகம் என்றும் நம்பினார்.

மறு ஆண்டு சிறுமிக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். எல்லோரும் அவளுடைய இனத்துப் பிள்ளைகள். கழிப்பறைக்குப் பின்னால் கூடுவார்கள்; அங்கே அவளை யாரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

"இப்ப எங்க ஆளுங்க இருக்காங்க நர்ஸம்மா. எவனாவது பசைன்னா, ஆமாடா, ஒட்டினா பிச்செடுக்க முடியாதுன்னு சொல்லிடுறேன்."

"நல்லா சொன்ன போ."

நர்ஸுக்கு மனம் குளிர்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்வதற்கு அவரவர் வீட்டுப் பசையைக் கொண்டுவந்து போதைக்காக முகர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

வாயைச் சுற்றிப் புண் வந்தது, களிம்பு தடவினார். தலைவலி என்றாள், மாத்திரை கொடுத்தார். நெடி கூடியிருந்தது. வீட்டில் வேலை கூடியிருக்கும் என்று எண்ணி, கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டார். தாயோ அந்த நெடியிலேயே மூக்கு மரத்துப்போனவள்.

ஒரு நண்பகலில் சிறுமி கழிப்பறைக்குப் பின்னால் சுருண்டு விழுந்தாள். கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். நர்ஸ்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"பசையை இப்படி முகர்ந்தா இதயம் தாங்காதும்மா" என்றார் டாக்டர். "இத்தனை மாசமா பக்கத்துல இருந்த யாருக்குமா வாடை தெரியல?"

வெளியே, நகக்கண்ணில் பசை காய்ந்த விரல்களோடு தாய் படியேறி வந்துகொண்டிருந்தாள். காலடியோசை கேட்டுச் சிறுமி கண் திறந்தாள். நர்ஸின் சேலைத் தலைப்பைப் பற்றி இழுத்தாள். சாகும் முன் அவள் கடைசியாகக் கேட்டுக்கொண்டது இது மட்டும்தான்:

"எங்க வீட்டு டப்பாவுலேர்ந்து எடுத்தேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க நர்ஸம்மா. கடையில வாங்கினேன்னு சொல்லுங்க."