தறியாக ஆடியவர்கள்

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு வாய்மூடிக் கிடந்தது, நான் அறிய, அந்தச் சாயங்காலம் மட்டும்தான். ஒரு விசைத்தறிகூட ஓடவில்லை. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு டிவி முன்னால் குவிந்திருந்தார்கள். குழு நடனப் போட்டியில் மாமா ஆடப் போகிறார், கூட ஐந்து தறிக்காரர்களோடு.

படப்பிடிப்பு முடிந்து மாமா ஊர் திரும்பிச் சில நாளாகியிருந்தது. ஒளிபரப்பாகும்வரை முடிவைப் பற்றி மூச்சுவிடக் கூடாதென்று டிவிக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அக்காவான என் அம்மாவிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. தோற்றால் ஆட்டத்தை மறந்துவிட்டுத் தறிக்கே வந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா? தோத்துட்டு வந்து முழிக்கான்" என்றார் அப்பா.

"செத்தப் பொறுங்க அத்தான்" என்றார் மாமா. அவ்வளவுதான்.

பாட்டு தொடங்கியது. ஆட்டமா அது! ஆறு உடம்பும் ஒரே தறியாகிவிட்டன. ஐந்து பேர் நெடுக்கே ஓடும் பாவு நூலாக ஏறி இறங்க, அவர்களுக்கு ஊடே மாமா குறுக்கிழையாகப் பறந்தார், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும், அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும். தெருவில் நின்றுபோன சத்தமெல்லாம் அவர்கள் பாதங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டென்று மாமா குப்புற விழுந்தார்.

அந்தக் கணமே ஐவரும் அசையாமல் நின்றார்கள். இழை அறுந்தால் தறி நிற்குமே, அப்படி. ஒருவர் மட்டும் குனிந்து, இல்லாத நூலை விரல்நுனியில் எடுத்து, முடிச்சுப் போட்டு இழுத்தார். மாமா எழுந்தார். தறி முன்னைவிட வெறியோடு ஓடியது. நடுவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த சுற்று!

"மக்கா, கலக்கிட்டியேலே!" தெருவே மாமாவைத் தோளில் தூக்கியது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மாமாவின் முழங்காலைத் தொட்டு, "இன்னும் வலிக்கா?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "நீ ஆடு மாப்ளே. தறிய நான் பாத்துக்கிடுதேன்."

ஜெயித்த காலில் என்ன வலி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு அறிவு. எங்களுக்குப் பிடித்ததே அந்த விழுகிற இடம்தான். மறுநாளிலிருந்து தெருப்பிள்ளைகள் மண்ணில் விழுந்து விழுந்து பழகினோம். நான் மாமா முன்னாலேயே ஒருமுறை விழுந்து காட்டினேன்.

"ஏட்டி, என்னைய விட நீ நல்லா விழுதியே!" என்று மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவர் மேடையில் வழுக்கித்தான் விழுந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது.