ஒரு ரூபாய் சொல்லும் பெட்டி

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில், நான் முன்பு மல்லிகை போட்ட கமிஷன் கடையின் மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. யாராவது போனில் பணம் அனுப்பினால் தொகையைச் சத்தமாகச் சொல்லும். அதைக் கேட்கத்தான் இன்றைக்கும் போகிறேன்.

பூப் பணம் இனி போனில்தான் என்று கடைக்காரர் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. "போனைக் குடு தாயி, நான் போட்டுத் தாரேன்" என்றார். எங்கள் ஊரில் பூ போடுகிற எல்லாருக்கும் அவரே ஆப் போட்டார், ரகசிய எண்ணையும் அவரே வைத்தார். எல்லாருக்கும் ஒரே எண். மறந்தால் அவரிடமே கேட்போம். அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம்.

வைகாசி முகூர்த்தத்தில் நல்ல விலை. மகளின் நர்சிங் படிப்புக்கு அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். பீஸ் கட்டக் கடைசி நாளன்று, காலேஜுக்கு அனுப்பச் சொல்லி அவரிடம் போனை நீட்டினேன். தட்டினார். அவர் மேசைப் பெட்டி பேசியது. அது சொன்ன தொகை என் மகளின் பீஸ்.

"ஒம் புருசன் உசுரோட இருக்கையில வாங்குன அட்வான்ஸ் தாயி. கழிச்சுக்கிட்டேன்" என்று போனைப் பூச்சாக்கின் மேல் போட்டார். என் வீட்டுக்காரர் அப்படி வாங்கியதாகச் சொன்னதே இல்லை. கேட்க அவரும் இல்லை. தராசுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். காலேஜ் சீட்டு போனது. மகள் நூல் மில்லுக்குப் போனாள்.

போகுமுன் எனக்குப் புது ரகசிய எண் வைக்கவும் பணம் அனுப்பவும் கற்றுக்கொடுத்தாள். "எங்கிட்டயும் சொல்லாதம்மா" என்றாள். நான் ஊரில் மல்லிகைக் கொல்லை ஒவ்வொன்றாகப் போனேன். "அண்ணன் வச்ச நம்பரை மாத்துங்க" என்றேன்.

"அவரு கோவிச்சுக்குவாருடி" என்றாள் பக்கத்துக் கொல்லைக்காரி.

"கோவிக்கட்டும். எம் மக மில்லுல நிக்கிறது பத்தலயா? ஒம் மகளும் நிக்கணுமா?"

அன்றைக்கே மாற்றினாள். ஒவ்வொருவராகச் சாக்கையும் வேறு கடைக்கு மாற்றினார்கள்.

அது எனக்குப் போதவில்லை. ஏலக் கூட்டம் நெருக்கும் நேரம் பார்த்து அவர் கடைக்குப் போய் ஒரு ரூபாய் அனுப்பினேன். "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி கத்தியது. "அண்ணே, பெரிய யாவாரந்தேன்!" என்று எவனோ சொல்ல, கூட்டமே சிரித்தது. மறுநாளும் போனேன். முதலில் வைதார். பிறகு வைவதை விட்டார். நான் விடவில்லை.

இன்று காலை கடையில் இரண்டொரு சாக்குதான். தலை நிமிராமல் கேட்டார்.

"இன்னும் எம்புட்டு நாளைக்குத் தாயி?"

"எம் மக நர்சாகுற வரைக்கும்ண்ணே."

அவள் அந்நேரம் மில்லில் ஷிப்டில் நின்றிருப்பாள். நான் போனைத் தட்டினேன். பெட்டி சொன்னது.