தங்கச்சி பெயர் ஒட்டிய பாட்டில்

சிறுநீர் பிடிக்கும் பாட்டிலில் என் தங்கச்சியின் பெயரும் வயதும் ஒட்டியிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் நின்றிருந்தேன். கதவுக்கு வெளியே அம்மா காவலுக்கு நின்றாள்.

அன்று காலை பத்து மணியாகியும் வில்லாபுரத்து அம்மா வீட்டில் தங்கச்சி எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் தட்டினால் கண்ணைத் திறப்பாள், ஏதோ உளறுவாள், மறுபடியும் சொருகிவிடும். நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவசரப் பிரிவில் டாக்டரம்மா, "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். "வெரதம் இருந்தா, அதான் மயங்கிருச்சு" என்றாள் அம்மா. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். என் அம்மா இரண்டுக்குமே மூடி வைத்திருப்பவள்.

டாக்டரம்மா நம்பவில்லை. சிறுநீரில் ஒரு அட்டையை நனைத்தால் என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுமாம். நர்ஸ் பாட்டிலையும் பெட்பேனையும் எங்களிடம் கொடுத்து, திரையை இழுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

"ஏதாச்சும் காட்டுச்சுன்னா போலீசுக்கு எழுதிருவாக. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா அம்புட்டுதான். நீ போயி புடிச்சுட்டு வாடி. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தான."

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். செல்லூரில் என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அம்மா போ என்றால் என் கால் போய்விடும். அன்றைக்கும் போனது.

பாட்டிலை நர்ஸிடம் கொடுத்த பிறகுதான் அந்த அட்டை எதையெல்லாம் பார்க்கும் என்று கேட்டேன்.

"தூக்க மாத்திரை, கஞ்சா, நரம்பு மாத்திரைல சிலது. மருந்து இருந்தா அந்த இடத்துல மட்டும் கோடு வராது" என்றார்.

பதினொரு மாதமாக நான் தினமும் பாதித் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் மாத்திரை அட்டை உளுந்து டப்பாவுக்குள் கிடந்தது. அக்காவுக்குத் தலை சரியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் தங்கச்சியை யார் கட்டுவார்கள்? வீட்டுக்காரருக்குக்கூட நான் சொல்லவில்லை.

கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஒரே ஒரு இடம் வெறுமையாக நின்றது. "தூக்க மாத்திரை" என்றார் டாக்டரம்மா. அம்மா தங்கச்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதற்குள் தகவல் தெரிந்து என் வீட்டுக்காரரும் வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நொடியில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. தங்கச்சியும் அதையே சாப்பிட்டிருந்தால் பொய் உண்மையாகிவிடுமே என்று நினைத்தேன். ஆனால் டாக்டரம்மா மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தூக்க மாத்திரைக்கு ஹார்ட் இப்படி ஓடாதே. டெஸ்ட்ல வேற எதுவும் இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வீட்டுக்காரர், எதிரே தங்கச்சியின் கட்டில். சொன்னால் கல்யாணமும் போகும், என் மானமும் போகும். சொல்லாவிட்டால் தங்கச்சியே போய்விடுவாள். ஓடிவிடலாம் என்றால் திரைக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் நின்றார்கள்.

"மேடம், அது என்னோடது. அந்த மாத்திரையும் நான் போடுறதுதான்" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை, திட்ட நேரமில்லை. டியூப் போட்டுத் தங்கச்சியிடமிருந்தே சிறுநீர் எடுத்தார்கள். இந்த முறை வேறொரு இடத்தில் கோடு வரவில்லை. அம்மா கால் எரிச்சலுக்குச் சாப்பிடுகிற நரம்பு மாத்திரையை எடுத்து விழுங்கியிருக்கிறாள். அளவு மீறினால் அது நேராக இதயத்தைப் பிடிக்குமாம். உடனே மருந்து ஏற்றிக்கொண்டே ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிப் போனார்கள்.

வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர், "எம்புட்டு நாளா?" என்று கேட்டார்.

"பதினோரு மாசமா."

அவர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

மூன்றாம் நாள் தனி அறைக்கு மாற்றினார்கள். மத்தியானம் தங்கச்சி தெளிவாகப் பேசினாள். என் மாத்திரையைப் பற்றி அம்மா புலம்பியதைக் கேட்டிருப்பாள் போல.

"ஒனக்கும் தூக்கம் வராதாக்கா?"

"ஆமாடி."

"எனக்கு நிச்சயம் பண்ணுன அன்னைலருந்து வரல."

ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். இதை ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வதற்குள் அவள் செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அம்மா போய் அறைக் கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுங்கடி, வெளிய கேக்கும்" என்றாள்.

நான் எழுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "ஒனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேணாமா?" என்று வெளியே கேட்கும்படியே கேட்டேன்.