பின்னந்தலைப் படம்

சீப்பை வாயில் கவ்விக்கொண்டு ஆளாளுக்குத் தலைவாரி விடுவாள் சீப்பக்கா. படம் எடுக்கும் நாளென்றால் அப்படித்தான். "பின்னந்தலைதானேடி, யாரு பாக்கப்போறா?" என்று ஒருமுறை முறுக்கிக்கொண்டேன். "கவர்மெண்டு பாக்கும் பாட்டி. சிக்குத்தலைக்கு அவங்க ஏன் பணம் குடுக்கணும்?" என்று என் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் அறை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் வந்துபோகும் இடம். வாடகை, ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு, டீ எல்லாமே அரசாங்கப் பணம். அறை நடக்கிறதென்பதற்குச் சாட்சியாகப் படம் அனுப்ப வேண்டும். முகம் காட்ட யாருக்கு மனசு வரும்? சுவரைப் பார்த்து உட்காருவோம். அவள் செல்போனில் எடுப்பாள்.

அதனாலேயே அவளைச் சீப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவளும் எங்களைப்போல் மாத்திரை விழுங்குகிறவள்தான். யாராவது மாத்திரை வாங்க வராவிட்டால், தவணைக்குத் துணி விற்பவள்போல மூட்டையோடு வீடு தேடிப் போவாள். அக்கம்பக்கம் மூக்கை நுழைக்கக் கூடாதல்லவா? "வேவு பாக்கப் போன எடத்துல ரெண்டு போர்வை வித்துட்டேன் பாட்டி!" என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்காரியும் அவளைத் துணிக்காரி என்றே நம்பிக்கொண்டிருந்தாள். பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷி. விஷயம் தெரிந்தால் மறுநாளே சட்டி பானை தெருவுக்கு வந்துவிடும்.

போன வாரம் அதிகாரி ஒருவர் கேமராக்காரரோடு வந்தார். கெட்டவர் இல்லை. எங்கள் டம்ளரில் டீ வாங்கிக் குடித்தார். "கட்டாயம் இல்லம்மா. ஆனா, யாரையோ உக்காரவெச்சு முதுகைக் காட்டி ஏமாத்தறீங்களான்னு மேல கேக்கறாங்க. பேப்பர்ல போட ஒரு முகமாவது வேணும். இல்லேன்னா அடுத்த வருஷம் பணம் வர்றது கஷ்டம்."

படம் எடுக்க ஆள் வந்திருந்ததால், சீப்பக்காவும் அன்று என் பக்கத்து நாற்காலியில் எங்களோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் திரும்பறேன். என்னைக் கட்டிக்கவா ஆள் வரப்போகுது?" என்றேன்.

"உங்க பேத்தி பள்ளிக்கூடம் போக வேணாமா? பேசாம உக்காருங்க" என்றாள் சீப்பக்கா.

"முடியாதுடி."

எழுந்த என்னைத் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள்.

பக்கத்து நாற்காலி தரையில் கிறீச்சிட்டுத் திரும்பியது. அவள் தோள் என் தோளோடு உரசியது. "ஒரு நிமிஷம் சார்" என்று, எங்களுக்கு வாரிய அதே சீப்பால் தன் தலைக்கு வகிடு எடுக்க ஆரம்பித்தாள்.