கமலவல்லி டீச்சர் விட்ட இடைவெளி

"சாதம் ஆறிப் போறது, சீக்கிரம் வா" என்று உங்கள் வீட்டில் எந்த ராகத்தில் கூப்பிடுகிறீர்கள்?

"இந்தப் பாட்டு என்ன ராகம்?" என்று கேட்கிற எல்லோரிடமும் கமலவல்லி டீச்சர் இதைத்தான் திருப்பிக் கேட்கிறார். பதிலுக்குக் காத்திருப்பதில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பியானோவின் மூடியைத் திறந்துவிடுகிறார். கும்மிடிப்பூண்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் கூடம் அது. எறும்பு ஏறாமலிருக்க, பியானோவின் கால்கள் மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாக்களில் நிற்கின்றன. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் இரண்டொரு கட்டைகள் அழுத்தினால் எழும்புவதில்லை. "அதுகளுக்கு இன்னிக்கு லீவு" என்பார்; அவற்றைத் தாண்டி வாசிப்பார்.

திருவள்ளூரில் பரம்பரையாகக் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தமிழில் இன்று எழுதப்படும் கவிதைகளை, ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டும் போதும் என்று இசையமைக்கிறார். மிருதங்கம் கிடையாது, வயலின் கிடையாது. "தராசையும் இரும்பையும் பாடறதுக்கா சங்கீதம் கத்துண்டே?" என்று அப்பா கேட்டாராம். "பெருமாளுக்குப் பாட ஊரே இருக்குப்பா" என்றாராம் மகள். அந்தப் பெருமாளை இவரும் இன்னும் விடவில்லை. கோயில் பக்கமே போகாத எனக்கும் அவருக்கும் அது தீராத சண்டை.

இப்போது அவர் கையிலிருப்பது அப்பாவு எழுதிய கவிதை. கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்த அப்பாவு, உருளைகளுக்கு நடுவே இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். கவனக்குறைவு என்று சொல்லி நிர்வாகம் கையைக் கழுவிவிட்டது. உருளைக்கு மறைப்புத் தகடு போடாதது யாருடைய கவனக்குறைவு என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவு எழுதினார்:

கம்பியை எடை போட்டார்கள்
கழிவை எடை போட்டார்கள்
அடுப்புச் சாம்பலையும் எடை போட்டார்கள்
என் ரெண்டு விரல் எந்தத் தராசில்?

இதைப் பாடச் சென்னையிலிருந்து ஒரு பாடகி வந்தார். "விரல்" என்ற சொல்லை மேலும் கீழும் ஊஞ்சலாட்டினார். "வெட்டுப்பட்ட விரலுக்குக் கமகம் எதுக்கும்மா?" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார் டீச்சர். பிறகு அதே ஆலையின் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் கெங்கம்மாளைப் பிடித்தார். இருமல் கலந்த, அடிவயிற்றுக் குரல். முதல் வாரம் பியானோவைத் தொடவே இல்லை. "பாடாதே, கெங்கம்மா. பக்கத்தாத்துக்காரிகிட்ட சண்டைக்குப் போறாப்பல சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அவள் மூச்சு வாங்கும் இடங்களைக் கவனித்த பிறகுதான் மெட்டு பிறந்தது.

கேட்க வந்த அப்பாவு திகைத்துப் போனார். "இன்னா டீச்சர், பாட்டு ஒரு பக்கம் போய்க்கினு கீது, பொட்டி ஒரு பக்கம் போய்க்கினு கீது?"

"ஆலையில நீ பேசினா மெஷின் உன்னோட சேர்ந்து பேசுமா? அது பாட்டுக்கு ஓடும். நீ அதுக்கு மேல கத்தணும். அதான் இது."

இடது கை இரும்பு உருளையைப் போல ஒரே சீராக ஓடும். சாம்பலை எடை போட்டதும் சட்டென்று நிற்கும். கூடமே காது அடைத்தாற்போல் ஆகும். அந்த வெறுமையில்தான், துணையில்லாமல், கெங்கம்மாள் கடைசி வரியைக் கேட்பாள்.

சென்ற ஆண்டு ஆலை விழாவுக்காகப் பியானோவை லாரியில் ஏற்றிப் போனார்கள். பாட்டு அந்த இடைவெளிக்கு வந்தது. பக்கவாத்தியம் ஓய்ந்தால் பாட்டு முடிந்தது என்பதுதானே நம் கச்சேரிப் பழக்கம்? கூட்டம் கைதட்டியது. விழாவை நடத்திய குமாஸ்தா வரதன் மைக்கைப் பிடுங்கி, "நம்ம ஆலையின் சிக்கனத்தைப் பற்றி அருமையான பாட்டு!" என்று முழங்கி மாலையும் போட்டுவிட்டார். முன்வரிசையில் முதலாளி மகிழ்ந்து தலையாட்டினார். கடைசி வரி கெங்கம்மாளின் தொண்டையிலேயே நின்றது.

வரதன் அறியாமல் செய்த பிழை அது, நம்புகிறேன். ஆனால் இந்த ஆண்டு நடந்தது பிழையல்ல. கடைசி வரி என்னவென்று இதற்குள் தெரிந்துகொண்ட நிர்வாகம், "போன தடவை பாடிய அளவுக்கே பாடுங்கள், போதும்" என்று சொல்லி அனுப்பியது. மீறினால் கெங்கம்மாளுக்கு வேலை இருக்காது. நெருக்கடி நிலை போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இங்கே தணிக்கை அதிகாரி மட்டும்தான் மாறியிருக்கிறார்.

"உன் வேலை, உன் வயிறு. நீ சொல்றதுதான் முடிவு. வேண்டாம்னா இப்பவே மூடி வெச்சுடறேன்" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சரம்மா நீ! வேல போனா நாலு ஊட்ல பாத்திரம் தேச்சுக்கினு போறேன். அந்த வரி போனா இன்னாத்துக்குப் பாடறது? பேஜாரு பண்ணாத, வாசி."

ஆலை விழாவுக்கு வர முடியாது என்று இருவரும் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, பள்ளிக்கூடத்திலேயே பாடுகிறார்கள்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். சாம்பல் வரி முடிந்தது. டீச்சர் கட்டைகளிலிருந்து கைகளை எடுத்தார். தவறிக்கூட ஒரு சுரம் விழுந்துவிடக் கூடாதென்று, சின்னப் பிள்ளையைப் போல இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள். முன்வரிசையை முதலாளிகளுக்கு விடாமல் நீங்களே நிரப்புங்கள். பியானோ நின்றதும் கைதட்டாதீர்கள். மைக்கை நோக்கி யாராவது எழுந்தால் சட்டையைப் பிடித்து உட்கார வையுங்கள். கெங்கம்மாள் கேட்டு முடிக்கட்டும்.